இதுக்கு வெக்கம் கீதா?

எந்தக் கருவியைப் பார்த்தாலும் அந்த அக்கா கேட்பது ஒரே கேள்விதான். என்ன விலை, எத்தனை வருடம் உழைக்கும், சார்ஜ் நிற்குமா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். "இதுக்கு வெக்கம் கீதா?" என்பார். பெரும்பாலானவற்றுக்கு வெட்கம் இல்லை என்பது அவருடைய தீர்ப்பு.

மண்ணூர்பேட்டையில் நான் சில வருடங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். அவர் கீழே, நான் மாடியில். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்து ராஜபாளையத்திலிருந்து வந்தவள் நான். ஆபீசுக்கு நடந்தே போகலாம் என்பதற்காக அந்த வீட்டைப் பிடித்தேன். அவர்களோ அந்த மண்ணின் பழைய குடும்பம். நிலமெல்லாம் போய், இப்போது வாடகை வருகிறது. கணவருக்குப் பட்டாபிராம் பக்கம் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும்போது தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே மகள், ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலையில் இருந்தாள்.

நான் மென்பொருள் கம்பெனி என்று சொன்ன நாளிலிருந்து, உலகத்தில் எந்த போன் என்ன செய்தாலும் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். லாரி கம்பெனிகளுக்குப் பில் போடும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை, அவ்வளவுதான் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அக்காவைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே கம்பெனி. "உங்க ஆளுங்கோ இன்னா பண்ணிகீறாங்கோ பாரு" என்றுதான் ஆரம்பிப்பார்.

அனுப்பிய செய்தியை நாம் படித்ததும் டிக் நீலமாகிறதல்லவா, அது அவருக்கு ஆகவே ஆகாது. "நான் படிச்சேனா இல்லையான்னு அவனாண்ட ஓடிப்போயி சொல்லுதே, இது இன்னா பொயப்பு? போஸ்ட்மேன் லெட்டர குட்த்துட்டு சன்னலாண்டயே நின்னுகினு, படிச்சிட்டாங்கோ படிச்சிட்டாங்கோன்னு கூவுனா நல்லாவா இருக்கும்?"

எதிர்முனையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டுவது அதைவிடக் கேவலம். "எழுதறான். நிறுத்தறான். திரும்ப எழுதறான். அப்பால ஒண்ணுமே வரல. ஒருத்தன் வாயாண்ட வந்தத முழுங்கறத நாம எட்டிப் பாக்கலாமா? தப்புமா."

முக்குக் கடையில், போன் வழியாகப் பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்று வைத்தார்கள். அன்றிலிருந்து அக்கா அந்தக் கடைக்குச் சில்லறையோடுதான் போனார். "பத்து ரூபாய்க்கு கொத்தமல்லி வாங்குனா தெருவுக்கே சொல்லுது. பக்கத்துல ஒருத்தி மாச சாமான் வாங்கிகினு நிக்கறா. எப்டி நிக்கறது அவளாண்ட?"

ஒரு நாள் காலையில் போன் தானாகவே பழைய படங்களைத் தொகுத்து, கிடார் இசையோடு 'இனிய நினைவுகள்' என்று காட்டியது. அதில் அவருடைய மாமியார், கடைசி நாட்களில், மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். அக்கா போனை எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிட்டார். "செத்தவங்கள எழுப்பி டான்ஸ் ஆட வெக்குது. இத்த யாரு கேட்டா?" நான் என் ஆளுங்களின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அதை நிறுத்திக் கொடுத்தேன்.

அவர் பாராட்டிய ஒரே பொருள் டிவி. படம் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டால், 'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று அது கேட்கும். "தோ, இது ஒண்ணுதான் மனுசன் மாதிரி கேக்குது. மத்ததெல்லாம் கேக்காமயே உள்ள வந்துடுது."

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. பாதி தப்பு. அப்டேட் என்றால் நாம் ஊரில் இல்லாதபோது வீட்டை இடித்துக் கட்டுவது என்று நினைத்து, போனை ஒரு வருடம் அப்டேட் செய்யாமல் வைத்திருந்ததில், அது சாகிற நிலைக்குப் போனது. புடவை மாற்றும்போது கவிழ்த்து வைத்த போன்மேல் ஒரு துண்டையும் போடுவார். நான் மாடிக்குப் போய்ச் சிரிப்பேன். ஆபீசில் அவர் மாதிரியே பேசிக் காட்டி மற்றவர்களையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அவருடைய முகத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உதட்டைச் சுற்றியும் இடது கண்ணைச் சுற்றியும் அவருக்கு வெண்புள்ளி இருந்தது. விரல் நுனிகளிலும் உண்டு. நேரில் யார் வந்தாலும் கூச்சப்படமாட்டார். சந்தைக்குப் போவார், குழாயடியில் சண்டை போடுவார், நாலு பேருக்கு நடுவில் உரக்கச் சிரிப்பார். ஆனால் கேமராவுக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டார். வீடியோ காலில் வரமாட்டார். போனில் தன் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தியை வைத்திருந்தார். "நேர்ல பாக்கறவன் ரெண்டு நிமிசத்துல பழகிடுவான். போட்டோவ பாக்கறவன் அத்தயே பாத்துகினு இருப்பான்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

ஒரு பொங்கலன்று மகள் புதிதாக வாங்கிய போனில் அப்பா அம்மாவோடு மூன்று பேரும் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். கெஞ்சிக் கூத்தாடித்தான் அக்காவை நிற்க வைத்தோம். எடுத்ததைக் காட்டினேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இது?"

புள்ளிகள் இல்லை. உதடு ஒரே நிறம், கண்ணைச் சுற்றி ஒரே நிறம். முகம் மாவு பூசினமாதிரி வழவழவென்று இருந்தது.

"போனே சரிபண்ணிடும்மா. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் மகள்.

"நான் தப்பா கீறேன்னு அதுக்கு யாரு சொன்னது?"

அக்கா போனை மகளிடம் கொடுத்துவிட்டு, பொங்கல் அடிப்பிடிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அந்தப் படம்தான் பின்னால் வினையாயிற்று. மகளுக்குத் திருமழிசையிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு அங்கே எஸ்டேட்டில் வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. போனிலேயே ஜாதகம் போயிற்று, படம் போயிற்று. குடும்பத்தோடு எடுத்த படம் ஒன்று வேண்டும் என்றார்களாம். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். மகள் அனுப்பிவிட்டாள். ஜாதகம் பொருந்தி, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. வழி சொல்வதற்காக அக்கா சனிக்கிழமை காலையில் பையனின் அம்மாவுக்கு போன் செய்தார். அதுவரை பேச்செல்லாம் மகளின் போனிலும் தரகரின் போனிலும்தான் நடந்திருந்தது. அக்காவின் நம்பரிலிருந்து போனது அதுதான் முதல் தடவை.

மோட்டார் போடச் சொல்வதற்காக நான் கீழே வந்திருந்தேன். அந்த அம்மாளுக்குப் பெரிய குரல். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"தப்பா நெனச்சிக்காதீங்கோ. உங்க நம்பர்ல இருந்து போன் வந்தா ஒரு பேரு வருது. பையன்தான் படிச்சி காட்னான். அது நீங்கோதானா?"

"இன்னா பேரு?"

அந்த அம்மாள் தயங்கினார். பிறகு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "வெண்குஷ்டம் ஹவுஸ் ஓனர்னு வருதுங்கோ. போட்டோல அப்டி ஒண்ணும் தெரியலையே. அதான் கேட்டுக்கலாம்னு..." என்றார்.

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பால பேசறேன்" என்று சொல்லி வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளுங்கோதான?"

இந்த முறை நான் மறுக்கவில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயர் காட்டும் ஆப் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்கிறவர்களின் போனில் உள்ள நம்பர்களையும் பெயர்களையும் அது எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் உங்களை எந்தப் பெயரில் சேமித்து வைத்தாரோ, அதை உங்களைத் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல என் காதே கூசியது.

"நான் என் ஊட்ல கீறேன். யாரோ ஒருத்தன் அவன் போன்ல எனுக்கு ஒரு பேரு வெச்சிகீறான். அத்த ஊர் பூரா படிச்சி காட்டறாங்கோ. இதானே?"

"ஆமாக்கா."

"யாரு வெச்சதுன்னு காட்டுமா?"

"அது மட்டும் காட்டாதுக்கா."

முன்னால் குடியிருந்தவர்களில் யாராகவும் இருக்கலாம். வாடகைக்கு வீடு பார்க்க வந்து போனவர்களாகவும் இருக்கலாம். அக்கா மனதுக்குள் ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்ப்பது தெரிந்தது. பிறகு கையை நீட்டினார். "நீ இன்னா போட்டுகீற? காட்டு."

காட்டினேன். 'மண்ணூர்பேட்டை ஹவுஸ் ஓனர்' என்று இருந்தது.

"பேரு இல்ல" என்றார். பிறகு அவரே, "பரவால்ல. வியாதிய போடல" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அந்த ஆப்பில் பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினேன். பரிசீலிக்கிறோம், சில நாட்கள் ஆகும் என்று பதில் வந்தது. வேலையிலிருந்து வந்த மகள் விஷயத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மறைக்கணும்னு அனுப்பலம்மா. அத்தவிட்டா நீ நிக்கற போட்டோவே இல்லம்மா" என்று அழுதாள். அக்கா அவளைத் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை என்னைக் கீழே கூப்பிட்டார். வாசல் பக்கம் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பூ வைத்திருந்தார். "மூஞ்சி தெரியற மாதிரி போன் போடு. உன் போன்ல வேணாம், என்னுதுலயே போடு. அந்த பேரே வரட்டும்."

மகள் வேண்டாம் என்றாள். நானும் சொன்னேன். கேட்கவில்லை. அந்த மாதிரி அழைப்பை எடுக்காமலே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுத்தார்கள். திரையில் பையனின் அம்மா வந்தார். பின்னால் சமையல்கட்டு தெரிந்தது. காலையிலேயே நகை போட்டிருந்தார். எங்களைப் பார்க்கப் புறப்பட்டாரா, வேறு எங்காவதா, தெரியவில்லை.

"போட்டோல இல்லாதது மூஞ்சில கீது. தோ, பாத்துக்கோங்கோ" என்றார் அக்கா. கையைத் தூக்கி விரல்களையும் காட்டினார். "போட்டோவ மாத்துனது நாங்க இல்ல, போனு. ஆனா அனுப்புனது நாங்கதான். அது தப்பு. இது ஒட்டாது. என் அம்மாக்கு இல்ல, என் பொண்ணுக்கு இல்ல. நாளைக்கி வருமான்னு கேட்டா, எனுக்கே எப்ப வந்துச்சின்னு தெரியாது."

அந்த அம்மாள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார். நேரில் என்றால் தரையையோ வாசலையோ பார்த்திருப்பார். திரையில் அதற்கு இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் போன் சாய்ந்து, கடைசியில் அவர் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. "நாங்க கலந்து பேசிட்டு சொல்றோங்கோ" என்று அந்த மின்விசிறியிலிருந்து குரல் வந்தது.

சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்காக வாங்கி வைத்திருந்த ஸ்வீட்டை அக்கா பிரிக்காமலே என்னிடம் கொடுத்து, ஆபீசில் கொடுக்கச் சொன்னார். நான் ஆபீசுக்கு எடுத்துப்போனேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். எதுவுமில்லை என்றேன். அக்காவைப் போலப் பேசிக் காட்டச் சொல்லி ஒருத்தி கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒரு நாளும் பேசிக் காட்டவில்லை.

மகளுக்கு அடுத்த வருடம் ஆவடியில் முடிந்தது, நல்ல பையன். கல்யாணத்தில் போட்டோக்காரரிடம் "கீற மாதிரியே எடு, எதுவும் அழிக்காத" என்று அக்கா உறுதியாகச் சொன்னார். ஆனால் ஆல்பத்தைப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாப் படத்திலும் யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். எல்லாருக்கும் தைரியம் ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தத் திருமழிசைப் பேச்சு முறிந்து கொஞ்ச நாளில், அக்காவின் பெயரை நீக்கிவிட்டதாக எனக்குத் தகவல் வந்தது. சந்தோஷமாகக் கீழே ஓடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டு, சரி என்றார். பிறகு, தண்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆப்பு என் போன்லயும் கீதா?"

பார்த்தேன். இருந்தது. லோன் வேண்டுமா என்று கேட்டு வரும் தொல்லை அழைப்புகளுக்காக மகள் எப்போதோ போட்டிருக்கிறாள்.

"அப்ப என் போன்ல கீற பேருங்கோ?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டுவிடக் கூடாதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "போயிருக்கும்க்கா" என்றேன்.

கீரையை ஒதுக்கி வைத்தார். "படி."

பெயர்களை அவர் சொல்லச் சொல்ல மகள் தமிழில் அடித்து வைத்தவை. படிக்க ஆரம்பித்தேன். குண்டு பால்காரர். குடிகார எலக்ட்ரீசியன். புருசன் ஓடிப்போன பூக்காரி. ஒத்தக்கண்ணு ஆட்டோ. நொண்டி பிளம்பர். திக்குவாய் கேஸ்காரன். நான் நிறுத்தினேன். "படி" என்றார். படித்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடையாளத்துக்குத்தான் போட்டது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "அவனும் அப்டிதான் போட்டிருப்பான்" என்றார்.

அன்றே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொந்தப் பெயரைக் கேட்க ஆரம்பித்தார். பெயர் தப்பாக விழுந்துவிடக் கூடாது என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அவர் கேட்பார், நான் அடிப்பேன். பால்காரர் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்லி, இத்தனை வருடம் கழித்து இப்போதாவது கேட்டீர்களே என்றார். எலக்ட்ரீசியன் குடியை விட்டு ரொம்ப நாளாயிற்றாம். அதையும் சொன்னார், நாங்கள் கேட்காமலே. பூக்காரி பெயரைச் சொல்லிவிட்டு எதற்கு என்றாள். ரேஷன் கடையில் கேட்கிறார்கள் என்று அக்கா வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். அந்த அழைப்பை வைத்ததும் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

அடுத்தது பிளம்பர். தெருவில் எல்லார் வீட்டுக்கும் அவர்தான் வருவார். ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். டேங்க்மேல் ஏறுவதில் அவரைப்போல ஆள் கிடையாது.

"நைனா, உன் பேரு இன்னா?"

"பேராக்கா? எதுக்கு?"

"போன்ல போட்டுக்கத்தான்."

எங்கோ வேலையில் இருந்தார் போல. இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டு நின்றது.

"ஏற்கெனவே ஒண்ணு போட்டுதானேக்கா கீறீங்கோ."

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை.

"அன்னிக்கி ஒரு தபா போன எங்கயோ வெச்சிட்டு தேடிகினு இருந்தீங்கோ. ஒரு ரிங்கு குடு நைனான்னீங்கோ. அரிசி டிரம் மேல அடிச்சிகினு இருந்துச்சி. எடுத்தாந்து உங்க கைல குட்த்ததே நான்தான்க்கா."

"எப்போ?"

"மோட்டார் எரிஞ்சிப் போச்சே, அப்போ."

மோட்டார் எரிந்தது நான் குடிவந்த புதிதில். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். என் குளியலறைக் குழாயை மாற்றியிருக்கிறார். அக்கா கொடுத்த டீயை வாசலில் நின்று குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பாத்துட்டு அப்பாலயும் ஏன் நைனா வந்த?" அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எதிர்முனையில் கேட்டிருக்கிறது.

"தண்ணி ஒழுகிகினு இருந்துச்சேக்கா" என்றார். பிறகு, "ஏகாம்பரம்னு போட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் பழையதை அழித்துவிட்டு எழுத்து எழுத்தாக அடித்தேன். சரியா என்று கேட்டுப் போனை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.